புதுத் தரையில் கிரவுட் ஒரே நிறமாக இல்லையா? ஆசிட் பாட்டிலைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீட்டில் வளவைச் சுற்றி (உள்முற்றமும் அதையொட்டிய கூடமும்தான் வளவு) கையால் வார்க்கும் சிமெண்ட் டைல்ஸான ஆத்தங்குடிக் கல்லும், பின்கட்டுச் சமையலறையில் சூளையில் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸும் பதித்துக் கொடுத்தோம். கல்லுக்குக் கல் இடுக்கை நிரப்பும் சிமெண்ட் கலவையான கிரவுட்டை அடைத்த மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குப் போன். "தம்பி, ஒரே பொடிதானே வாங்குனீங்க? ஒரு பக்கம் செங்கல் மாதிரி இருக்கு, ஒரு பக்கம் விபூதி பூசுன மாதிரி இருக்கு. இன்னும் முப்பது நாள்ல சாந்திக் கல்யாணம் வச்சிருக்கேன். ஆசிட் ஊத்திக் கழுவச் சொல்லிடவா?"

"ஆச்சி, நான் வர்ற வரைக்கும் யாரையும் தரையில கை வைக்க விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால் ஒரே வீட்டில் நாலு விதக் கோளாறு. வீட்டுக்காரருக்கு எல்லாமே "நிறம் மாறிப்போச்சு" என்ற ஒரே புகார்தான். ஆனால் ஒன்றுக்குப் பொறுத்திருந்தால் போதும், ஒன்றுக்குத் துடைத்தால் போதும், இன்னொன்றைச் சுரண்டி எடுக்காமல் தீராது. எது எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஆசிட் என்று இறங்கினால், நல்லாயிருக்கும் இடமும் கெடும். அதனால் அறிகுறியை வைத்தே போவோம்.

எதற்கும் முன்னால்: ஈரத்துணியும் ஓர் ஆணியும்

வெளுத்த இடத்தில் ஒரு முழம், சரியான நிறத்தில் இருக்கும் இடத்தில் ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் இரண்டையும் துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலிருக்கும் உப்பே உங்களை ஏமாற்றிவிடும். நனைந்ததும் இரண்டும் ஒரே நிறமாகி, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால், கலவையில் நிறம் சரியாக இருக்கிறது. மேலே உப்பு பூத்திருக்கிறது, அல்லது காய்ந்ததில் ஏற்றத்தாழ்வு. நனைந்த பிறகும் இரண்டும் வேறாகவே நின்றால் கோளாறு கலவைக்குள் இருக்கிறது.

அடுத்து, காய்ந்த கிரவுட்டை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல ஒட்டினால் அந்தக் கிரவுட்டுக்கு உயிர் இல்லை. கடைசியாக, கண்ணில் படாத ஒரு மூலையில் ஆணியால் லேசாகக் கீறுங்கள். வெள்ளைத் தோலுக்குக் கீழே சரியான நிறம் தெரிந்தால் உப்பு. சாம்பல் நிறத்தில் மணல் தட்டுப்பட்டால், அது கிரவுட்டே இல்லை, கல் பதித்த சாந்து.

ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் யார் வந்து என்ன மருந்து சொன்னாலும் கேட்காதீர்கள், நான் சொன்னாலும்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. அங்கங்கே கருத்த திட்டு

பெரும்பாலும் இது நோயே இல்லை. சிமெண்ட் கிரவுட் ஈரமாக இருக்கும்போது கருத்துத் தெரியும், காயக் காய வெளுத்துத் தன் நிறத்துக்கு வரும். காற்றும் வெயிலும் படும் முற்றத்து ஓரம் இரண்டே நாளில் காயும். மூலை முடுக்கும் சுவரோரமும் பத்து நாள்கூட எடுக்கும். ஆச்சி வீட்டு வளவில் கருப்பாக இருந்த ஒரு சதுரத்தின் மேல்தான் மீந்துபோன கல்லை அடுக்கி, பாலித்தீன் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அடுக்கை எடுத்தோம், மின்விசிறியைப் போட்டோம். ஒரு வாரத்தில் அந்தச் சதுரம் எங்கே இருந்தது என்று தேட வேண்டியதாகிவிட்டது.

தரையைப் பாதுகாக்கிறேன் என்று பாலித்தீன் விரிப்பது நம் ஊரில் எல்லாரும் செய்வது. விரித்த தாள் சில இடத்தில் ஒட்டியும் சில இடத்தில் தூக்கியும் நிற்கும். ஒட்டிய இடத்தில் வியர்த்து, அந்த மடிப்பு அப்படியே கிரவுட்டில் அச்சாக விழும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் காற்றுப் போகும் அட்டையை விரியுங்கள்.

இரண்டு வாரமாகியும் கருப்பு போகவில்லையென்றால் கீழே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பாலித்தீன் துண்டை வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். பதினாறு மணி நேரமாவது இருக்கட்டும். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. அப்போது தேட வேண்டியது கிரவுட் கம்பெனியை அல்ல, முற்றத்துத் தண்ணீர் போகும் குழாயை.

மேலே வெள்ளைப் பூப் பூத்தது போல

இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். இங்கே வரும் புகாரில் பாதிக்கு மேல் இதுதான், இதில்தான் ஆசிட் பாட்டிலும் வெளியே வருகிறது.

சிமெண்ட் இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு தனியாகப் பிரியும். கலவையில் தண்ணீர் அதிகமாக இருந்தால், காய்கிறபோது அந்தச் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு தண்ணீர் மேலே வரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், சுண்ணாம்பு மேலேயே தங்கி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைத் தோலாக மாறும். இதைத்தான் உப்பு பூத்தது என்கிறோம். நம் பழைய வீட்டுச் சுவரில் கண்ணாடி போல மின்னுகிற சுண்ணாம்புப் பூச்சு இறுகுவதும் இதே வேதியியலில்தான். சுவரில் பார்த்து மெச்சுகிறோம், தரையில் வந்தால் திட்டுகிறோம். அது போகட்டும்.

புதிதாகப் பூத்ததென்றால், காய்ந்த நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, கிளம்பும் தூளைக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் அந்த உப்பு கரைந்து உள்ளே போய் மறுபடி வரும். பிரஷ் போட்ட பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் ஒரு தடவை, அடுத்த நாள் ஒரு தடவை. இரண்டு மூன்று முறையில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடங்கவில்லையென்றால், விட்ரிஃபைடு அல்லது செராமிக் தரையாக இருந்தால் மட்டும், டைல்ஸ் கடையில் கிரவுட் கறைக்கென்று விற்கும் சல்ஃபாமிக் ஆசிட் கலந்த கிளீனரைப் பார்க்கலாம். பாக்கெட்டில் போட்ட அளவைவிடக் கூடுதலாகத் தண்ணீர் கலந்து, முதலில் ஒரு மூலையில் முயன்று பார்க்க வேண்டும். கிரவுட்டை முன்னதாக நல்ல தண்ணீரால் நனைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது ஆசிட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஓரிரு நிமிடம் வைத்து, தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். கையுறை கட்டாயம். கிரவுட் அடைத்து மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் கையில் எடுக்கவே கூடாது. அது உப்பைத் தின்றுவிட்டு கிரவுட்டையும் தின்னும், அதன் பிறகு வரும் திட்டுக்கு மருந்தில்லை.

ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் எந்த ஆசிட்டும் கிடையாது. எலுமிச்சை கிடையாது, வினிகர் கிடையாது, புளித்தண்ணீரும் கிடையாது. அந்தக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, ஆக்சைடு என்னும் நிறப்பொடி கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பது. அதன் பளபளப்பு முழுக்க அந்தக் கண்ணாடி கொடுத்தது. ஆசிட் பட்ட மறு நொடி நுரைக்கும். நுரைத்த இடம் மங்கிப்போய்ச் சொரசொரவென்று நிற்கும். கிரவுட்டைச் சரிசெய்யப் போய்க் கல்லையே கெடுத்த தரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

திரும்பத் திரும்ப அதே இடத்தில் பூத்தால் கீழே ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். பழைய வீட்டின் தரைக்கடியில் ஈரத்தைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இருக்காது. முற்றத்து ஓரமாக ஒரே வரிசையில் பூத்தால் மழைத்தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். ஆச்சி வீட்டில் அதுதான். முற்றத்துக் குழாயின் வாயில் பழைய காரை அடைத்துக்கொண்டு, தண்ணீர் கல்லுக்கடியில் புகுந்துகொண்டிருந்தது. அதைக் குத்திவிட்டதும் பாதி வைத்தியம் முடிந்தது.

கோடு போட்டது போல ஒரு வரிசைக்கு மேல் வேறு நிறம்

சமையலறையில் நிலைப்படியிலிருந்து ஆறாவது வரிசை வரை ஒரு நிறம், ஏழாவதிலிருந்து இன்னொரு நிறம். கத்தியால் வெட்டியது போல இருந்தது. நனைத்துப் பார்த்தோம், மாறவில்லை. கீறிப் பார்த்தோம், அடிவரை அதே நிறம். ஆக இது கலவையில் வந்தது.

இதற்கு மூன்று காரணம்தான் உண்டு. ஒன்று, வேறு வேறு தேதியில் தயாரான பாக்கெட். நிறத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் தொகுதி எண் மாறினால் சாயல் மாறும். இரண்டு, ஒவ்வொரு வாளிக்கும் தண்ணீர் வேறு வேறு. முதல் வாளி இட்டலி மாவு, அடுத்தது தோசை மாவு, சாயங்கால வாளி நீர்மோர். தண்ணீர் கூடினால் நிறம் வெளுக்கும், வலுவும் போகும். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது, அதிகம் மறைக்கப்படுவதும் அதுதான்: டீ குடித்துவிட்டு வந்தபோது வாளியில் கலவை இறுகியிருக்கும், ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கிண்டி மறுபடி இளக்கிவிடுவார்கள். எங்கள் பையனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். ஏழாவது வரிசை டீக்கு அப்புறம்தான்.

கழுவி இது சரியாகாது. கிரவுட் கெட்டியாக இருந்து நிறம் மட்டும் பிசகியிருந்தால், கிரவுட்டுக்கென்று வரும் வண்ணப்பூச்சை மெல்லிய தூரிகையால் அடிக்கலாம். கிரவுட் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், உப்பும் எண்ணெயும் இருக்கக் கூடாது. மேலே வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் நூற்றுக்கு 0.5 பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்காது, அதனால் துடைத்தால் போய்விடும். ஆத்தங்குடிக் கல் குடித்துவிடும். சீலர் (கல் எதையும் குடிக்காமல் தடுக்கும் பூச்சு) அடிக்காத கல்லின் பக்கத்தில் இந்தப் பூச்சைக் கொண்டுபோகாதீர்கள்.

அடிக்கும்போது வெளுத்த பாதியை மட்டும் அடித்தால் மூன்றாவதாக ஒரு நிறம் வந்து சேரும். ஓர் அறை என்றால் அந்த அறை முழுக்க, நிலைப்படி வரை. ஆச்சி வீட்டுச் சமையலறைக்கு அப்படித்தான் செய்தோம், எங்கள் செலவில்.

நாலு கல் சேரும் முனையில் வெளுப்பு, நடுவில் கருப்பு

ஸ்பாஞ்ச் செய்த வேலை. கிரவுட் இறுகுமுன் சொட்டச் சொட்ட நனைந்த ஸ்பாஞ்சால் துடைத்தால், மேலிருக்கும் சிமெண்டும் நிறமும் கரைந்து போகும். முனைகளில் கை இரண்டு தடவை போகும், அதனால் அங்கே அதிகம் வெளுக்கும். விரலில் மாவு ஒட்டாவிட்டால் பூச்சு போதும். ஒட்டினால் சுரண்டி மறுபடி அடையுங்கள். மாவுக்கு மேல் பூச்சு அடித்தால் மாவோடு சேர்ந்து உரிந்து வரும்.

அங்கங்கே சாம்பல் புள்ளி

பதிக்கும்போது சாந்து இடுக்கு வழியாக மேலே பிதுங்கியிருக்கும். அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே கிரவுட்டைத் தடவியிருப்பார்கள். கிரவுட் அந்த இடத்தில் காகிதம் போல மெல்லிசாக நிற்கும். கொஞ்ச நாளில் தேய்ந்து சாந்து தலைகாட்டும். சுரண்டி நிரப்புவது தவிர வேறு வழியில்லை. ஒரு மாதம் பொறுத்து மொத்தமாக ஒரே நாளில் செய்யுங்கள், இன்னும் எத்தனை புள்ளி முளைக்கும் என்று அதற்குள் தெரிந்துவிடும்.

கிரவுட் சரி, பக்கத்துக் கல்லின் ஓரம் சிவந்திருக்கிறது

ஆச்சி வீட்டில் எனக்கு உண்மையாகவே தூக்கம் கெட்டது இதனால்தான். வெள்ளை சிமெண்டில் சிவப்பு ஆக்சைடு கலந்து, முகப்புப் பக்கம் மஞ்சள் பூ வரும் கற்களுக்கு இடையில் அடைத்தோம். கல்லின் ஓரம் நிறத்தைக் குடித்து, ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் மருதாணி வைத்தது போல ஒரு கோடு.

கல் பதித்ததும் சீலர் அடித்துக் காயவிட்ட பிறகே கிரவுட் என்பது ஆத்தங்குடிக் கல்லுக்கு எழுதாத சட்டம். இடுக்கு மெல்லிசுதானே, சட்டென்று துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். என் தப்புதான்.

முதலில் நல்ல தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்தோம். மேலோடு நின்றது வந்துவிட்டது. மீதிக்கு 400 ஆம் எண் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, கையால், தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஓரத்தில் மட்டும். அந்தக் கல்லில் நிறம் இருப்பது மேலே சில மில்லிமீட்டர்தான், அதனால் மிஷினை விடவில்லை. தேய்த்த இடம் மங்கியது. பிறகு 800, 1000 என்று நைசான தாளுக்குப் போய் மெருகை ஓரளவு மீட்டோம். முழுக்கப் போனதா என்று கேட்டால், குனிந்து பார்த்தால் இன்னும் தெரியும். நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

ஆக்சைடைக் கையால் கலக்கும் வேலைக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் விடுமுன் சிமெண்டையும் ஆக்சைடையும் உலர்வாகவே கலந்து இரண்டு தடவை சலித்துவிட வேண்டும். ஆக்சைடு, சிமெண்டின் எடையில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது. நிறம் போதவில்லை என்று அள்ளி அள்ளிப் போட்டால் கலவை பிடிக்காது, துடைக்கிற துணியெல்லாம் சிவக்கும்.

கருப்பாகப் பிசுபிசுத்த திட்டு, நடக்கிற வழியில்

தேங்காயெண்ணெய். ஆத்தங்குடித் தரைக்கு எண்ணெய் போட்டு மெருகேற்றுவது இங்கே பழைய பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் கிரவுட் காயுமுன் போட்டால் கல்லைவிட கிரவுட்தான் அதிகம் குடிக்கும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில். டால்கம் பவுடரைச் சோப்புத் தண்ணீரில் குழைத்து அந்த இடத்தில் அப்பி, ஓர் இரவு விட்டு, காய்ந்ததும் சுரண்டி எடுங்கள். எண்ணெயைப் பவுடர் இழுத்துக்கொள்ளும். மூன்று நாலு முறை ஆகும். மெருகெண்ணெயை ஒரு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்ஸி கிரவுட் போட்ட தரை என்றால் கதையே வேறு. அதில் உப்புப் பூக்காது, தண்ணீர்க் கணக்கும் இல்லை. ஆனால் முற்றத்து வெயில் நேராக விழும் இடத்தில் வெள்ளை எபாக்ஸி நாளடைவில் மஞ்சளிக்கும், அதைக் கழுவி எடுக்க முடியாது. வெயில் படும் இடத்துக்கு முதலிலேயே கருத்த நிறமாகத் தேர்ந்தெடுங்கள்.

சுரண்டி நிரப்பும்போது

ஆத்தங்குடிக் கல்லென்றால் கையால்தான். உடைந்த ஆக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு, இடுக்கின் நடுவில் மட்டும் இழுக்க வேண்டும். ஓரத்தில் பட்டால் கல் சில்லுத் தெறிக்கும். விட்ரிஃபைடு என்றால் கிரவுட் எடுக்கும் பிளேடு கடையில் கிடைக்கும். ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது எடுக்க வேண்டும். மேலாகச் சுரண்டி மேலாகத் தடவியது ஆறு மாதத்தில் உரிந்து வரும்.

தூசியைப் பிரஷ்ஷால் கிளப்பி வேக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள். தேவையான பாக்கெட் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டி உலர்வாகக் கலந்துவிட்டால் தொகுதி எண் தொல்லை இல்லை. தண்ணீரைக் கோடு போட்ட பாட்டிலில் அளந்து ஊற்றுங்கள், பாக்கெட்டில் சொன்ன அளவு. கலந்து பத்து நிமிடம் விட்டு, தண்ணீர் சேர்க்காமல் மறுபடி கிண்டுங்கள். அரை மணி நேரத்தில் தீர்கிற அளவுதான் ஒரு வாளி. இறுகினால் கொட்டிவிடுங்கள், மனசு வலித்தாலும்.

இடுக்கை லேசாக ஈரப்படுத்தி, தண்ணீர் தேங்காமல் பார்த்து, ரப்பர் பட்டையால் குறுக்காக அழுத்தி அடையுங்கள். விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், பிழிந்தால் ஒரு சொட்டும் விழாத ஸ்பாஞ்சால் மூலைவாட்டில் ஒரே இழுப்பு, அப்புறம் அலசல். இரண்டு வாளி, நல்ல தண்ணீர். கதவையும் முற்றத்துப் பக்கத்தையும் சாக்குத் திரை கட்டி மறைத்துவிடுங்கள்; சித்திரை வெயில் ஒரு பாதியில் விழுந்தால் அந்தப் பாதி தனியாக வெளுக்கும்.

ஆச்சி வீட்டில் சாந்திக் கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் வேலை முடிந்தது. மீந்த பொடியை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இறுக மூடி, மேலே தேதியையும் எத்தனை மில்லி தண்ணீர் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். ஆச்சி அதை வாங்கி, மிளகாய்ப்பொடிக்குப் பக்கத்தில் வைக்கப் போனார்கள். "ஆச்சி, சிவப்புப் பொடி, வேற அலமாரில வைங்க" என்று பிடுங்கி, நானே சாமான் அறையில் வைத்துவிட்டு வந்தேன்.